தாமதத்தின் மேல்வரம்பு

எனக்கு முன்னால் யாரோ நிறுவியிருந்தது
இரண்டு புள்ளி இரண்டு எட்டு நொடி.
நான் அதை
இரண்டு புள்ளி மூன்று ஒன்று ஆக்கினேன்.
மூன்றரை வருஷம் ஆனது.

காந்திபுரம் சிக்னலில் பச்சை விழுவதற்கும்
பின்னால் நிற்பவன் ஹாரன் அடிப்பதற்கும்
நடுவில் இருப்பது
கிட்டத்தட்ட நான் கூட்டிய நேரம்தான்.

காற்றாலை சுற்றுகிறது.
மின்தொகுப்பின் துடிப்பு ஐம்பதிலிருந்து நழுவுகிறது.
சேதி கட்டுப்பாட்டறைக்குப் போய்
கட்டளையாகத் திரும்புகிறது.
அதற்குள் காற்று மாறிவிடுகிறது.
போன காய்ச்சலுக்கு எழுதிய மருந்தை
வந்த காய்ச்சல் குடிக்கிறது.
அந்த இடைவெளிக்கு நாங்கள் வைத்த பெயர் டௌ.
டௌ சின்னதென்றால் எல்லாம் ஆடி அடங்கும்.
பெரிதென்றால் ஆடும், இன்னும் ஆடும்,
கயிறு அறும்.
எவ்வளவு வரை தாங்கும்?
என் ஆராய்ச்சி மொத்தமும் இந்த ஒரு வரிதான்.

மருதமலைச் சாலையில் எங்கள் துறை.
இரண்டாம் மாடி ஜன்னல் விளிம்பில் மயில் வந்து உட்கார்ந்து
பலகையில் இருப்பதைச் சலிக்காமல் பார்க்கும்.
பக்கத்து மேஜை ரேணுகாதேவிக்குத் தெளிவற்ற கணங்கள்.
உதவித்தொகைக்கும் ஒரு டௌ இருக்கிறது,
அதற்கு மேல்வரம்பை யாரும் நிறுவவில்லை என்பாள்.
இருவரும் சிரிப்போம்.
பிறகு அவள் ஊருக்குப் போன் செய்து
மெஸ் பணம் கேட்பாள்.

வழி எளிதுதான்.
எப்போதும் நேராகவே இருக்கும் ஒரு சார்பைக் கட்டு.
அது எப்போதும் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று காட்டு.
நான் பதினேழு தொகையீடுகளை அடுக்கினேன்.
ஒன்பதாவது தேவையே இல்லை என்று
இரண்டாம் வருஷக் கடைசியில் தெரிந்தது.
அதை எடுத்த இடத்தில்
மூன்றடுக்குத் தொகையீடு ஒன்றைச் செருகிய அன்று
புள்ளி பூஜ்யம் மூன்று
கையில் விழுந்தது.

கேத்தனூரில் ஆடிக்காற்று துப்பட்டாவைப் பிடுங்கியது.
இறக்கைகளின் நிழல் சோளத்தட்டின் மேல்
வெட்டி வெட்டிப் போனது.
ஆலையைப் பார்த்துக்கொள்ளும் நாச்சிமுத்து
என் கட்டுரையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு
"ஏனுங் மேடம்,
இந்த மூணை வெச்சு என்னங் பண்றது?" என்றார்.
"தெரியலைங்க."
அவர் சிரிக்கவில்லை.
"செரி, போன வருசத்துப் பதிவு வேணுமுங்களா?"
பென்டிரைவைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார்.

நாலு லட்சத்துச் சொச்சம் வரிகள்.
பழைய வரம்புக்கு மேலே, என் வரம்புக்குக் கீழே
தாமதம் விழுந்த இடங்களைத் தேடினேன்.
ஒன்பது.
ஒன்பது தடவையும் ஒன்றும் ஆகவில்லை.
பல்லடத்தில் தறி நிற்கவில்லை.
ஆகாது என்று
அப்போது நிரூபணம் இருக்கவில்லை,
அவ்வளவுதான்.
என் தேற்றம் போதுமான நிபந்தனை,
தேவையான நிபந்தனை அல்ல.
விழாது என்று சொல்லத் தெரியும் அதற்கு.
விழும் என்று சொல்லத் தெரியாது.

இதைக் கட்டுரையில் நான்காம் குறிப்பாக எழுதினேன்.
அர்த்தநாரி சார் சிவப்பு மையால் அடித்தார்.
"ஒன்பது ஒரு நிரூபணம் இல்லையேம்மா."
இல்லைதான்.

ஒன்பதில் கடைசி வரி:
ஜூலை இருபத்தேழு, இரவு மூன்று பன்னிரண்டு.
தேதி எங்கோ பார்த்ததாக இருந்தது.
மடிக்கணினியில் பழைய கோப்புகளைத் திறந்தேன்.
அதே இரவு, மூன்று பத்துக்கு ஒன்றைச் சேமித்திருக்கிறேன்.
மூன்று பதினைந்துக்கு மறுபடியும்.
இரண்டிலும் ஒரு குறி தப்பு.
கூட்டல் இருக்கவேண்டிய இடத்தில் கழித்தல்.

விடுதி அறை, டியூப்லைட்,
நடுவில் அந்த இரண்டு புள்ளி மூன்று நொடி.
வெளிச்சம் அசைந்ததா?
நினைவில்லை.
அசைந்திருந்தால்
நினைவிருக்கும்.